பேனல் முன்னால் இருப்பவரை அளக்க வரும் பிள்ளைகளுக்கு

கடைசி வருட ப்ராஜெக்ட் காலம் வந்தால் சேலம், நாமக்கல் பக்கத்து இன்ஜினியரிங் கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேராக என்னைத் தேடி வருகிறார்கள். மூளை அலையை எடுக்கத் தலையில் மாட்டும் பட்டை ஒன்று, கண்ணைப் பார்க்கும் கேமரா ஒன்று, ஒரு லேப்டாப். “ஆபரேட்டர்களோட மனச் சோர்வை அளக்கப் போறோம் ஐயா, யாரையாவது சொல்லிவிடுங்க” என்பார்கள். நான் டாக்டரும் இல்லை, ஆராய்ச்சியாளனும் இல்லை. மேட்டூரில் பேனல் முன்னால் மூன்று ஷிப்டும் மாறி மாறி உட்கார்ந்து தலை நரைத்தவன். ஓய்வு பெற்ற பிறகு இந்த விஷயத்தில் கைக்குக் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் அளக்க வரும் ஆள் என்னைப் போன்றவர்தான் என்பதால், கருவியின் மறுபக்கத்திலிருந்து சில விஷயம் சொல்ல முடியும். வருகிறவர்களிடமெல்லாம் சொன்னதையே சொல்வதற்குப் பதிலாக எழுதி வைத்துவிட்டேன்.

1. ராத்திரி மூன்று மணிக்குப் பேனலில் இருப்பவரிடம் போய் “தூக்கம் வருதாண்ணா” என்று கேட்டு, அந்தப் பதிலையே முடிவாக எழுதாதீர்கள். “எனக்கென்ன கண்ணு, இன்னொரு ஷிப்ட் வேணும்னாலும் பார்ப்பேன்” என்பார். பொய் இல்லை, அவருக்கு அப்படித்தான் தெரியும். களைத்துப்போன அதே மூளைதான் தன் களைப்பையும் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது. 2003இல் அமெரிக்காவில் வான் டாங்கன், டிங்கஸ் குழுவினர் ஒரு சோதனை வெளியிட்டார்கள். 14 நாள் தொடர்ந்து சிலரை 8 மணி நேரம், சிலரை 6 மணி நேரம், சிலரை 4 மணி நேரம் மட்டும் படுக்கவிட்டார்கள். 6 மணியும் அதற்குக் குறைவாகவும் படுத்தவர்களின் கவனம் நாளுக்கு நாள் சரிந்து, கடைசியில் ஓரிரு ராத்திரி முழுக்கக் கண்விழித்தவர்கள் நிலைக்கு வந்துவிட்டது. ஆனால் தூக்கமாக இருக்கிறதா என்ற கேள்விக்கு அவர்கள் சொன்ன பதில், முதல் சில நாளுக்குப் பிறகு பெரிதாக மாறவே இல்லை. பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள்.

அதற்காகக் கேட்காமல் விடவும் கூடாது. கரோலின்ஸ்கா அளவுகோல் என்று 1 முதல் 9 வரை ஒன்று இருக்கிறது. 1 என்றால் முழு விழிப்பு, 9 என்றால் கண்ணைத் திறந்து வைக்கவே போராட்டம். அரை மணிக்கொரு தரம் அந்த எண்ணை வாங்கி, மூளை அலைக்கும் கண் கணக்குக்கும் பக்கத்திலேயே குறித்து வையுங்கள். ஆள் சொல்லும் எண்ணும் கண் சொல்லும் எண்ணும் எந்த நேரத்தில் விலகத் தொடங்குகின்றன என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டிய சேதி. உங்கள் ப்ராஜெக்டில் வேறு எதுவும் தேறாவிட்டாலும் அது ஒன்று தேறினால் போதும்.

2. கருவியைப் பையை விட்டு எடுப்பதற்கு முன்னால் ஒரு ராத்திரி ஷிப்ட் முழுக்கச் சும்மா உட்கார்ந்து பாருங்கள்.

மேட்டூர் என்றால் ஊருக்கெல்லாம் 1934இல் கட்டி முடித்த அணையும் 120 அடி நீர்மட்டமும்தான். ஆனால் இந்த ஊரில் ராத்திரியெல்லாம் விளக்கு அணையாத அறைகள் நிறைய உண்டு. நீர்மின் நிலையங்களில், ரசாயன ஆலைகளில், 1987 முதல் 1990க்குள் வந்த நான்கு 210 மெகாவாட் யூனிட்டுகளும் 2013இல் சேர்ந்த 600 மெகாவாட் யூனிட்டும் கொண்ட அனல்மின் நிலையத்தில் என்று எங்கும் யாரோ ஒருவர் திரையைப் பார்த்தபடி இருக்கிறார். அவர் என்ன செய்கிறார் என்று கேட்டால், வெளியாளுக்கு ஒன்றும் செய்யாதது போலத்தான் தெரியும். டிரம் லெவல் தன் இடத்தில் நிற்கிறது, பர்னஸ் பிரஷர் லேசாக ஆடுகிறது, மில் ஓடுகிறது, ஏசி உறுமுகிறது. மணிக்கொரு தரம் லாக் ஷீட்டில் ரீடிங். அவ்வளவுதான். பிறகு ஒரு ஃபீட் பம்ப் ட்ரிப் ஆகும். டிரம் லெவல் கண்ணெதிரே இறங்கும். ஹூட்டர் அலறும். விளக்குப் பலகை முழுக்க மினுக்கும். நான்கு மணி நேரம் வேலையே இல்லாதிருந்தவர் அடுத்த ஒன்றிரண்டு நிமிடத்துக்குள் சரியான நாலைந்து காரியத்தைச் சரியான வரிசையில் செய்தாக வேண்டும். இல்லாவிட்டால் பாய்லர் நின்றுவிடும்.

ஆக, இங்கே இரண்டு விதமான பாரம் இருக்கிறது. முதலாவது, ஒன்றும் நடக்காததைப் பார்த்துக்கொண்டே இருப்பது. இரண்டாம் உலகப் போரில் ராடார் திரையைப் பார்த்தவர்கள் நீர்மூழ்கிக் கப்பலின் புள்ளியைத் தவறவிட்டார்கள் என்பதற்காக இங்கிலாந்தில் நார்மன் மேக்வொர்த் ஒரு கடிகாரச் சோதனை செய்தார். முள் ஒவ்வொரு அடியாக நகரும், எப்போதாவது இரண்டு அடி தாவும், அப்போது பட்டனை அழுத்த வேண்டும். 1948இல் வெளியிட்ட முடிவில், முதல் அரை மணி நேரத்துக்குள்ளேயே கண்டுபிடிக்கும் திறன் குறையத் தொடங்கிவிட்டது என்றார். கூலிக்கு மூட்டை தூக்குகிறவர் களைத்தால் ஊரே நம்பும். உட்கார்ந்து பார்க்கிறவர் களைத்தேன் என்றால் வீட்டில்கூட நம்ப மாட்டார்கள்.

இரண்டாவது பாரம் அலாரம் வெள்ளம். 1979 மார்ச் 28, விடியற்காலை 4 மணி, அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையம். ஒரு வால்வு மூடாமல் திறந்தபடியே சிக்கிக்கொண்டது. ஆனால் பேனலில் இருந்த விளக்கோ, மூடச் சொல்லி உத்தரவு போனதை மட்டும் காட்டியது; வால்வு நிஜமாகவே மூடியதா என்பதைக் காட்டவில்லை. முதல் சில நிமிடத்தில் நூற்றுக்கு மேற்பட்ட அலாரங்கள் அடித்தன. அந்த இரைச்சலுக்குள் ஆபரேட்டர்கள் உலைக்கு வேண்டிய தண்ணீரையே குறைத்துவிட்டார்கள். இன்றைக்கு அலாரம் அமைப்புக்கு வழிகாட்டி இருக்கிறது: சாதாரண நேரத்தில் 10 நிமிடத்துக்கு ஒன்றுக்கு மேல் வரக் கூடாது, 10 நிமிடத்தில் 10ஐத் தாண்டினால் அது வெள்ளம். நீங்கள் போகும் ஆலையில் இந்த எண்ணிக்கையை முதலில் எடுங்கள். தலையில் பட்டை மாட்டாமலே பாதி பதில் அதில் கிடைத்துவிடும்.

3. சோர்வும் அழுத்தமும் ஒன்று என்று நினைத்துக்கொண்டு வராதீர்கள்.

இதில்தான் பாதிப் பேர் வழுக்குகிறார்கள். மூளை அலையில் விநாடிக்கு 4 முதல் 8 வரை துடிப்பது தீட்டா, 8 முதல் 13 வரை ஆல்ஃபா, அதற்கு மேல் 30 வரை பீட்டா. ஒருவர் கடினமாக யோசிக்கும்போது நெற்றிக்கு மேலே நடுவகிட்டில் தீட்டா கூடும், பின்மண்டைப் பக்கம் ஆல்ஃபா குறையும். அதே ஆள் அசந்துபோகும்போதும் தீட்டா கூடும், ஆனால் அப்போது ஆல்ஃபாவும் சேர்ந்து கூடும். கண் திறந்திருக்கும்போதே ஆல்ஃபா எட்டிப் பார்க்கும். ஆகவே தீட்டாவை மட்டும் பிடித்துக்கொண்டால், மும்முரமாக வேலை பார்க்கிறவரையும் தூங்கி வழிகிறவரையும் ஒரே பட்டியலில் போட்டுவிடுவீர்கள். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள், அந்த நேரத்தில் பேனலில் என்ன ஓடிக்கொண்டிருந்தது என்பதையும் பாருங்கள்.

அழுத்தம் இன்னும் சிக்கல். நாடித் துடிப்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளி எப்படி ஏறி இறங்குகிறது, எச்சிலில் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் எவ்வளவு என்பதெல்லாம் கூட இருந்தால்தான் ஏதோ சொல்லலாம். கார்ட்டிசாலும் தூங்கி எழுந்ததும் அரை மணி, முக்கால் மணியில் தானாகவே உச்சத்துக்குப் போகும். ராத்திரி ஷிப்ட்காரர் எப்போது தூங்கி எப்போது எழுந்தார் என்று தெரியாமல் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. வெறும் மூளை அலைப் பட்டையைக் காட்டி “ஸ்ட்ரெஸ் 73” என்று சிவப்பு எண் போடும் செயலிகளை நான் நம்புவதில்லை. அந்த 73 எதில் 73 என்று அதன் விற்பனையாளரிடமே கேட்டுப் பாருங்கள்.

4. தலைக்கு எண்ணெய் வைக்காமல் வரச் சொல்லுங்கள். முதல் நாளே சொல்லுங்கள், வந்து உட்கார்ந்த பிறகு சொல்லாதீர்கள்.

சிரிக்காதீர்கள். புத்தகத்தில் அழுத்திச் சொல்லாத, ஆனால் பாதி நாளைத் தின்றுவிடும் விஷயம் இது. தோலுக்கு வெளியே வந்து சேரும் மூளை அலை 10 முதல் 100 மைக்ரோவோல்ட். 50 மைக்ரோவோல்ட் என்று வைத்தால், சுவர்க் கடிகாரத்துப் பேட்டரியின் 1.5 வோல்ட்டில் முப்பதாயிரத்தில் ஒரு பங்கு. சந்தை நடுவில் காதோரம் யாரோ கிசுகிசுப்பதைக் கேட்பதுதான் நீங்கள் செய்யப் போகும் வேலை. நம் ஊர்க்காரர் தலையில் தேங்காய் எண்ணெய் படிந்திருந்தால் எலக்ட்ரோடு தோலைத் தொடாது. சீயக்காயோ ஷாம்பூவோ போட்டுக் குளித்து, நன்றாகக் காயவைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். அதன் பிறகும் தோலைப் பஞ்சால் துடைத்து, ஜெல் வைத்து, மின்தடை 5 கிலோ ஓமுக்குள் வருகிறதா என்று ஒவ்வொரு புள்ளியிலும் பாருங்கள். முன்பக்கம் சொட்டையானவர் கிடைத்தால் கும்பிட்டு உட்கார வையுங்கள்.

பட்டையை மாட்டியதும் ஒரு நிமிடம் கண்ணை மூடச் சொல்லுங்கள், ஒரு நிமிடம் திறக்கச் சொல்லுங்கள். கண் மூடினால் பின்மண்டையில் ஆல்ஃபா எழ வேண்டும், திறந்தால் அடங்க வேண்டும். மனித மூளை அலையை 1924இல் முதன்முதலில் பதிவு செய்த ஜெர்மனியின் ஹான்ஸ் பெர்கர், 1929 முதல் வெளியிட்ட கட்டுரைகளில் சொன்ன விஷயம் இது. சிலருக்கு இயல்பிலேயே ஆல்ஃபா மெலிதாக இருக்கும். ஆனால் யாரிடமுமே இது தெரியவில்லை என்றால் உங்கள் கருவியில் கோளாறு, மேற்கொண்டு எடுப்பதெல்லாம் குப்பை. நெற்றியில் மட்டும் ஒட்டும் மலிவான பட்டைக்கு இதுதான் பலவீனம். ஆல்ஃபா நன்றாகத் தெரிவது பின்மண்டையில். நெற்றியில் தெரிவதோ கண் சிமிட்டலும் புருவ நெரிப்பும்தான்.

வெற்றிலை, பாக்கு, சூயிங்கம் எதுவும் வாயில் இருக்கக் கூடாது. தாடைச் சதையின் மின்சாரம் பீட்டாவாக வேஷம் போட்டு வந்துவிடும். கரண்ட் லைனின் 50 ஹெர்ட்ஸ் வேறு எங்கும் புகுந்திருக்கும். லேப்டாப்பைச் சார்ஜரிலிருந்து கழற்றி பேட்டரியில் ஓட்டினால் கொஞ்சம் அடங்கும்.

5. காலை ஷிப்டில் மட்டும் அளந்துவிட்டுப் போகாதீர்கள். பஸ் கிடைக்காது, ஹாஸ்டல் கேட் மூடிவிடும் என்பதெல்லாம் எனக்கும் தெரியும். உடம்பின் விழிப்பு அடியாழத்துக்குப் போவது ராத்திரி இரண்டு முதல் ஐந்து மணிக்குள். அந்த மூன்று மணி நேரம் இல்லாத டேட்டாவை வைத்துக்கொண்டு ஷிப்ட் வேலையைப் பற்றிப் பேசக் கூடாது.

6. கண்ணைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். என் அனுபவத்தில் மூளையைவிடக் கண்தான் நேர்மையான சாட்சி. எடுப்பதும் சுலபம்.

கருமணியிலிருந்து ஆரம்பிக்கிறேன். மனம் பாரம் சுமக்கும்போது கண்ணின் கருமணி விரிகிறது என்பதை 1964இல் ஹெஸ், போல்ட் இருவரும் மனக்கணக்குப் போடச் சொல்லிக் காட்டினார்கள். இரண்டு வருடம் கழித்துக் கானமனும் பீட்டியும் எண்களை நினைவில் வைக்கச் சொல்லி, எண் கூடக் கூட விரிவும் கூடுவதைக் காட்டினார்கள். பின்னாளில் நோபல் வாங்கிய அதே கானமன்தான். ஆனால் அந்த விரிவு பெரும்பாலும் அரை மில்லிமீட்டருக்குள். வெளிச்சத்துக்கோ கருமணி 2 மில்லிமீட்டரிலிருந்து 8 வரை போய் வரும். ஆபரேட்டர் கறுப்புப் பின்னணி உள்ள படத்திலிருந்து வெள்ளைப் பின்னணி உள்ள டிரெண்ட் பக்கத்துக்கு மாறினாலே கருமணி சுருங்கிவிடும். நீங்கள் அதைப் பார்த்து “பாரம் குறைந்தது” என்று எழுதுவீர்கள், அவர் அப்போதுதான் சிக்கலையே பார்க்க ஆரம்பித்திருப்பார். அறை வெளிச்சத்தை ஒரே மாதிரி வையுங்கள். திரையில் எந்தப் பக்கம் எப்போது திறந்திருந்தது என்பதையும் நேரத்தோடு பதியுங்கள்.

அசதிக்கு இமையைப் பாருங்கள். அமெரிக்காவில் வியர்வில் குழுவினர் 1994இல் கொண்டுவந்த பெர்க்ளோஸ் என்ற கணக்கு எளிமையானது. ஒரு நிமிடத்தில் எவ்வளவு நேரம் இமை 80 சதவீதத்துக்கு மேல் மூடியிருந்தது, அவ்வளவுதான். படக்கென்று மூடித் திறக்கும் சிமிட்டலை அதில் சேர்ப்பதில்லை, மெல்ல இறங்கி மெல்ல ஏறும் இமைதான் கணக்கு. தூக்கம் குறைந்தவர்களின் கவனப் பிழையோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, சோதித்த முறைகளில் இதுவே நன்றாக ஒத்துப்போனது. சிமிட்டல்களின் எண்ணிக்கையை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். திரையை உற்றுப் பார்த்தாலே அது குறைந்துவிடும், ஏசிக் காற்றில் கண் காய்ந்தால் கூடிவிடும். ஒவ்வொரு சிமிட்டலும் எவ்வளவு நேரம் நீள்கிறது என்பதுதான் முக்கியம்.

ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கண் தாவும் வேகமும் களைப்பில் குறையும். இது நல்ல அடையாளம். ஆனால் உங்கள் கையில் இருப்பது விநாடிக்கு 60 படம் எடுக்கும் கேமரா என்றால் அதைத் தொடவே தொடாதீர்கள். ஒரு தாவல் முடிய விநாடியில் நூற்றில் மூன்று நான்கு பங்குதான் ஆகும். 60 படத்தில் அதற்குள் இரண்டு மூன்று புள்ளி விழும். அதை வைத்து உச்ச வேகம் சொன்னால் வைவாவில் மாட்டிக்கொள்வீர்கள். 250க்கு மேல் எடுக்கும் கருவி இருந்தால் மட்டும் அந்தப் பக்கம் போங்கள். 60 படக் கேமராவுக்கு இமையும் கருமணியும் பார்வை தங்கும் இடமும் போதும்.

இன்னொன்று. நீங்கள் கருவியைச் சரிபார்ப்பது 21 வயதுத் தோழர்களின் கண்ணில். பேனலில் இருப்பவருக்கு ஐம்பது தாண்டியிருக்கும், பைஃபோக்கல் கண்ணாடி போட்டிருப்பார். கேமராவின் அகச்சிவப்பு வெளிச்சம் கண்ணாடியில் பட்டுத் தெறிக்கும், கோடு விழுந்த இடத்தில் பார்வைப் புள்ளி குதிக்கும். வயதானால் கருமணியும் சின்னதாகிவிடும். பெண் ஆபரேட்டர் என்றால் இமையோரம் கண் மை இருக்கிறதா என்று பாருங்கள், கறுப்பு மையையும் கருமணியையும் கேமரா குழப்பிக்கொள்ளும். அதைச் சொல்லும்போது மரியாதையாக, அவர் முகத்தை விமர்சிப்பது போல இல்லாமல் சொல்லத் தெரிய வேண்டும். உங்கள் குழுவில் இருக்கும் தங்கச்சி சொன்னால் நல்லது.

7. ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிடாதீர்கள். அவரை அவரோடு ஒப்பிடுங்கள். நன்றாகத் தூங்கி எழுந்த ஒரு வார ஓய்வு நாளில் எடுத்த அளவுதான் அவருக்கு அடித்தளம். டீ குடித்தாரா, எத்தனை மணிக்கு, பீடி சிகரெட் உண்டா, பகலில் வீட்டில் தூங்க முடிந்ததா, பக்கத்தில் கோயில் திருவிழா மைக் செட் கட்டியிருந்ததா என்று எல்லாம் கேட்டு எழுதுங்கள். ஆடி மாதத்தில் ராத்திரி ஷிப்ட்காரர் பகல் தூக்கம் என்ன பாடுபடும் என்பது எந்த வெளிநாட்டுக் கட்டுரையிலும் இருக்காது.

8. நம் பக்கத்திலேயே இந்த வேலையை ஒழுங்காகச் செய்தவர்களின் கட்டுரைகளை முதலில் படியுங்கள். ராஜகோபாலன் ஸ்ரீனிவாசன், பாப்ஜி ஸ்ரீனிவாசன் இருவரும் தங்கள் மாணவர்களோடு, முதலில் காந்திநகர் ஐஐடியிலும் பிறகு சென்னை ஐஐடியிலும், கன்ட்ரோல் ரூம் ஆபரேட்டர் என்ன பார்க்கிறார், எப்படி யோசிக்கிறார் என்பதையே ஆராய்ச்சியாக எடுத்துக்கொண்டவர்கள். எத்தனால் ஆலை ஒன்றைக் கம்ப்யூட்டரில் ஓடவிட்டு, அதில் கோளாறுகளைப் புகுத்தி, சமாளிக்கிறவரின் கண் எங்கே போகிறது என்று பதிந்தார்கள். 2016இல் கண் பார்வை பற்றியும் கருமணி பற்றியும் கட்டுரைகள் வந்தன. 2020இல் முகமது உமைர் இக்பாலும் சேர்ந்து எழுதிய கட்டுரை மூளை அலை பற்றியது.

அதில் எனக்குப் பிடித்தது இதுதான். ஆலை இப்படித்தான் நடந்துகொள்ளும் என்று ஆபரேட்டர் மனதில் ஒரு படம் வைத்திருக்கிறார். திரையில் நடப்பது அந்தப் படத்தோடு ஒத்துவராதபோது தீட்டாவில் அது தெரிகிறது என்றார்கள். படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன். வால்வைத் திறந்தும் லெவல் ஏறாதபோது அடிவயிற்றில் ஒன்று பிசையுமே, பேனல்காரர் ஒவ்வொருவருக்கும் தெரிந்த அந்தக் கணத்தை யாரோ வரைபடத்தில் பிடித்திருக்கிறார்கள். களைப்பை அளப்பதைவிட இது பெரிய விஷயம். எந்தத் திரை, எந்த அலாரம் ஆளைக் குழப்புகிறது என்று இதை வைத்துக் கண்டுபிடித்து, ஆளை விட்டுவிட்டுத் திரையைத் திருத்தலாம். உங்களுக்கு ப்ராஜெக்ட் தலைப்பு இன்னும் முடிவாகவில்லை என்றால் இந்தப் பக்கம் வாருங்கள்.

9. ரிப்போர்ட்டில் தொண்ணூற்றுச் சொச்சம் சதவீதத் துல்லியம் என்று போடுவதற்கு முன்னால் ஒன்றைச் சரிபாருங்கள். ஒரே ஆளின் பதிவைத் துண்டு துண்டாக வெட்டி, பாதியைக் கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுக்கவும் மீதியைச் சோதிக்கவும் வைத்திருந்தால், அது களைப்பைக் கற்றுக்கொள்ளவில்லை; அந்த ஆளின் தலையைத்தான் அடையாளம் கண்டுகொண்டிருக்கிறது. கற்றுக்கொடுத்ததில் இல்லாத புது ஆளை வைத்துச் சோதியுங்கள். எண் சரியும். சரிந்த எண்ணையே எழுதுங்கள். கைடு முகம் சுளித்தால் இந்தக் காகிதத்தைக் காட்டுங்கள்.

10. தலையில் ஒயர் மாட்டுவதற்கு முன்னால் சம்மதம் வாங்க வேண்டும். மேலதிகாரி சொன்னதால் வந்து உட்காருகிறவரின் சம்மதம் சம்மதம் ஆகாது. அவர் தனியாக இருக்கும்போது, தமிழில், டீக்கடைப் பேச்சு மாதிரிச் சொல்லிக் கேளுங்கள். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்காமல் எழுந்து வாருங்கள்.

குற்றவாளியா என்று பார்க்கவே ஒருவரின் மூளை அலையை அவர் விருப்பமில்லாமல் எடுக்கக் கூடாது என்று, செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் 2010 மே 5 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கொலை வழக்கில் சிக்கியவருக்கே அந்தக் காப்பு உண்டு என்றால், எட்டு மணி நேரம் நேர்மையாக வேலை பார்க்கிறவருக்கு எவ்வளவு வேண்டும்? சிலி நாட்டில் ஒரு முன்னாள் செனட்டர் தான் வாங்கிய தலைப்பட்டை எடுத்த தன் மூளைப் பதிவை அழிக்கச் சொல்லி வழக்குப் போட்டார். 2023 ஆகஸ்டில் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. உங்கள் லேப்டாப்பில் இருப்பது அப்படிப்பட்ட சரக்கு. பெயரை எடுத்துவிட்டு எண் போடுங்கள். பெயரும் எண்ணும் சேர்ந்த தாள் ஒன்றுதான் இருக்க வேண்டும், அதையும் வேறு இடத்தில் பூட்டி வையுங்கள். நிர்வாகத்துக்குத் தருவது மொத்தக் கணக்கு மட்டும். “மூணாம் நம்பர் யாருப்பா?” என்று யாராவது தோளில் கைபோட்டுக் கேட்பார்கள். காது கேட்காதது போல இருந்துவிடுங்கள். முன்கூட்டியே எழுதி ஒப்பந்தம் போட்டிருந்தால் இன்னும் சௌகரியம்.

11. அளவு எதற்கு என்று உங்களுக்குள் முடிவு செய்துகொண்டு வாருங்கள். ரயில் இன்ஜினில் விழிப்புக் கருவி வெகுகாலமாக இருக்கிறது. ஒரு நிமிடம் போல எந்தக் கைப்பிடியையும் தொடவில்லை என்றால் விளக்கு மினுக்கும், பிறகு பஸ்ஸர், அதற்கும் பதில் இல்லை என்றால் பிரேக் பிடித்துவிடும். 2023இல் வடகிழக்கு எல்லை ரயில்வே, ஓட்டுநரின் கண் சிமிட்டலைப் பார்க்கும் கருவி ஒன்றை உருவாக்குவதாகச் செய்தி வந்தது. லோகோ பைலட்டுகள் தரப்பில், ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே, எங்களுக்கு வேண்டியது ஓய்வு என்றார்கள். நான் அவர்கள் கட்சி. நாமக்கல், சங்ககிரி லாரி டிரைவரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார். லோடு இறக்க வேண்டிய நேரத்தை முதலாளி தள்ளி வைத்தால் கண் தானாகத் திறந்திருக்கும்.

2005 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டி சுத்திகரிப்பு ஆலை வெடித்து 15 பேர் இறந்தார்கள், 180 பேர் காயம்பட்டார்கள். விசாரித்தபோது, பேனலில் இருந்தவர் 12 மணி நேர ஷிப்டாக 29 நாள் லீவே இல்லாமல் வந்திருந்தது தெரிந்தது. அதைக் கண்டுபிடிக்க எந்த மூளை அலைப் பட்டையும் தேவைப்படவில்லை, வருகைப் பதிவேடு போதுமானதாக இருந்தது. நம் மாநிலத்திலேயே 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்பு கிளம்பி, மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டதாக அறிவித்தார்கள். அந்தப் பேச்சு மறுபடி வரும்போது எட்டாவது மணி நேரத்துக்கும் பதினோராவது மணி நேரத்துக்கும் இமை எப்படி மாறுகிறது என்ற நம் ஊர்க் கணக்கு யாரிடமாவது இருந்தால் நன்றாக இருக்கும். அப்படி ஒன்றைச் செய்ய வருகிறீர்கள் என்றால் என் வீட்டில் தங்கிக்கொள்ளலாம், சாப்பாடும் உண்டு.

12. கடைசியாக ஒன்று. ஆலைக்குள் போய் முதல் நாள் பேசும்போதே ஷிப்ட் இன்சார்ஜிடம் கேட்டுவிடுங்கள்: “விடியற்காலை மூன்றே முக்காலுக்கு எங்கள் கருவி சிவப்புக் காட்டினால், இந்த நாற்காலியில் வந்து உட்காரப் போகும் ரிலீவர் யார் சார்?” ஒரு பெயரையோ, இருபது நிமிடம் படுத்து எழ ஒரு கட்டிலையோ அவர் காட்டினால் பையைத் திறந்து பட்டையை எடுங்கள். “அதெல்லாம் அப்போ பார்த்துக்கலாம் தம்பி” என்று சொன்னால் அலாரம் எண்ணிக்கையை மட்டும் வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடியுங்கள்.